மாற்றும் மாற்றுக் குறையாமையும்

'மாற்று' என்னும் சொல் தமிழில் பல பொருள் தரும். ஒன்றின் இடத்தில் வைக்கப்பெறும் மற்றொன்று மாற்று. நஞ்சை முறிக்கும் மருந்தும் மாற்று. பொற்கொல்லர் உரைகல்லில் தேய்த்துக் காணும் பொன்னின் தரமும் மாற்றுதான். முதற்பொருளில் மாற்றாக வருவது, மூன்றாம் பொருளிலும் மாற்றுக் குறையாமல் இருக்க வேண்டும் என்று இச்சொல்லே நமக்கு அறிவுறுத்துவது போல் தோன்றுகிறது. ஓய்வு பெற்ற ஆசிரியரின் இடத்துக்கு வருபவருக்கும் இது பொருந்தும். பழுதடைந்த பொறியின் உறுப்புக்கும் இது பொருந்தும்.

மலருக்குக் கட்டுரை வேண்டுமெனத் தமிழ்த்துறையினர் கேட்டபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இயற்பியல் கற்பித்த எனக்குச் சிறிது தயக்கம் ஏற்பட்டது. தமிழறிஞர் எழுதும் பக்கங்களில் நான் எதை எழுதுவது? பின்னர், 2023ஆம் ஆண்டில் நான் ஈடுபட்ட ஒரு சிறு பணி நினைவுக்கு வந்தது. அமெரிக்க நாட்டில் செய்யப்பட்ட ஒரு கிட்டார் ஒலிபெருக்கியின் மின்மாற்றி எரிந்துபோக, அதற்கு ஒரு மாற்றுத் தேடிய கதை அது. இரும்பும் செம்பும் பற்றிய செய்திதான். எனினும் அதனுள் மாணவர் அறியத்தக்கன சில உள்ளன. பெரியோர் அசைபோடத் தக்கனவும் உள்ளன.

பெட்டியும் அதன் வரலாறும்

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் 1990களில் அமெரிக்கா சென்று நியூ ஜெர்சியில் பல்லாண்டு பணியாற்றினார். அங்கே கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொண்டார். பழம்பொருட் கடை ஒன்றில் 'ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப்' என்னும் ஒலிபெருக்கியை வாங்கினார். தாயகம் திரும்பியபோது அதனையும் கப்பலில் கொண்டுவந்தார். 2021இல் அவர் மறைந்தார். அவருடைய மகன், பொறியியல் பயிலும் இளைஞர், தந்தையின் கிட்டாரையும் பெட்டியையும் கைவிடாமல் வாசித்து வந்தார். ஒருநாள் பெட்டியிலிருந்து புகை எழுந்தது. கருகிய மெழுகின் நாற்றம் வந்தது. உருகி எரிந்து அறுந்தது. "அத்தா உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள் சார். வால்வு ரேடியோவெல்லாம் உங்களுக்குத் தெரியுமாமே" என்று கேட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

வால்வு ரேடியோவை இன்றைய மாணவர் அறியார், பெரியோர் மறந்திரார். விசையைத் திருப்பினால் உடனே பேசாது. முதலில் அளவுப்பலகையில் விளக்கு எரியும். கண்ணாடிக் குழல்களுக்குள் இழைகள் மெல்லச் சிவக்கும். அரை நிமிடம் கழித்தே குரல் வரும். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்த வால்வுகள் நம் ஊர்களில் ரேடியோக்களிலும் மைக்செட்டுகளிலும் எரிந்த காலம் ஒன்று இருந்தது. டிரான்சிஸ்டர் வந்தபின் அவை பரண் ஏறின. கிட்டார் வாசிப்போர் மட்டும் வால்வை விடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அளவுக்கு மேல் உரக்க வாசிக்கும்போது வால்வு தன் எல்லையைத் திடீரென முறித்துக் காட்டாமல் மெல்ல வளைந்து கொடுக்கிறது. அவ்வளைவு செவிக்கு ஒரு கரகரப்பான இனிமையாகக் கேட்கிறது. ஆகவே அவர்களுக்கு ஒலிபெருக்கி என்பது ஓசையைக் கடத்தும் வெறும் கருவியன்று, கிட்டாரின் மறுபாதி.

டீலக்ஸ் ரிவெர்ப் 1963இல் வெளிவந்தது. லியோ ஃபெண்டர் கலிபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்டன் நகரில் நடத்திய நிறுவனத்தின் படைப்பு. அந்நிறுவனத்தை 1965இல் சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனம் விலைக்கு வாங்கியது. பெட்டியின் வெளிப்பாடு 22 வாட்டு; 12 அங்குல ஒலிவாங்கூம்பு ஒன்று. அதனுள் ஆற்றல் வால்வுகளாக 6வி6 இரண்டு, சிறு வால்வுகள் ஆறு, மாறுமின்னோட்டத்தை நேராக்கும் ஜிஇசட்34 ஒன்று என ஒன்பது வால்வுகள். எங்கள் பெட்டியின் மின்மாற்றியில் 606 எனத் தொடங்கும் எண் அச்சிடப்பட்டிருந்தது. அமெரிக்க மின்னணுத் தொழிலார் வகுத்த குறியீட்டில் 606 என்பது ஷூமாக்கர் என்னும் மின்மாற்றி நிறுவனத்தைக் குறிக்கும். அடுத்த இலக்கம் ஆண்டையும், அதற்கடுத்தவை வாரத்தையும் காட்டும். எங்களுடையது 1966ஆம் ஆண்டுப் பிறப்பு என்று அதைக்கொண்டு அறிந்தோம்.

எரிந்தது எது? எரித்தது எது?

உறுப்பு ஒன்று கெட்டால் உடனே புதியதை வாங்கிப் பொருத்துவது பலரின் வழக்கம். மருத்துவர் அவ்வாறு செய்வதில்லை. நோய் எது, நோயின் முதல் எது என்று ஆய்ந்த பின்னரே மருந்து தருகிறார். மின்மாற்றியில் அசையும் உறுப்பு ஏதும் இல்லை. இரும்புத் தகட்டின்மேல் சுற்றிய செம்புக் கம்பி, அவ்வளவே. அது தானாகச் சாவது அரிது. பெரும்பாலும் அதனைக் கொன்றது வேறொன்றாக இருக்கும். கொன்றதை உள்ளே வைத்துக்கொண்டு புதிய மின்மாற்றியைப் பொருத்தினால் அதுவும் அதே வழியில் செல்லும்.

முதலில் இறந்ததை உறுதி செய்தோம். மின்பணியாளர் 'சீரீஸ் லாம்பு' என்று சொல்லும் எளிய கருவி ஒன்று உண்டு. இழை விளக்கு ஒன்றை மின்வழியில் தொடராக இணைப்பதே அது. மின்மாற்றியின் துணைச் சுருள்கள் அனைத்தையும் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, முதன்மைச் சுருளுக்கு அவ்விளக்கின் வழியே மின்சாரம் கொடுக்க வேண்டும். சுமை ஏதும் இல்லாத நல்ல மின்மாற்றியாயின் விளக்கு மங்கலாக இருக்கும், அல்லது எரியவே எரியாது. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குறுக்குச் சுற்றாகியிருந்தால் விளக்கு பளிச்சென்று எரியும். எங்கள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஐயத்துக்கு இடமில்லை.

கொன்றது எது என்று தேடியபோது இருவர் அகப்பட்டனர். முதலாமவர், நேராக்கிய மின்னோட்டத்தைத் தேக்கி வைக்கும் மின்பகு மின்தேக்கி. அரை நூற்றாண்டைக் கடந்து உள்ளீரம் உலர்ந்து, மின்சாரத்தைத் தேக்காமல் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது. அவ்வொழுக்கின் சுமை முழுவதும் மின்மாற்றியின்மேல் ஏறியது. இரண்டாமவர் கண்ணுக்குத் தெரியாதவர், அலைவெண். இதனைச் சற்று விரித்துக் கூற வேண்டும்.

அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் ஏறத்தாழ 120 வோல்ட்டு. நொடிக்கு 60 சுழற்சி. நம் நாட்டில் 230 வோல்ட்டு. நொடிக்கு 50 சுழற்சி. அங்கிருந்து பொருள் கொண்டுவருவோர் வோல்ட்டைக் குறைக்கும் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் போதும் என்று எண்ணுகின்றனர். அப்பெட்டி வோல்ட்டைக் குறைக்கும், சுழற்சியை மாற்றாது. மின்மாற்றியின் இரும்புக்குள் எழும் காந்தப்பாயம், வோல்ட்டை அலைவெண்ணால் வகுத்த ஈவுக்கு நேர்விகிதத்தில் அமையும். வோல்ட்டு அதேயாக இருந்து சுழற்சி 60இலிருந்து 50ஆகக் குறைந்தால் காந்தப்பாயம் 20 விழுக்காடு கூடும். இரும்பு ஓர் எல்லைவரைதான் காந்தத்தை ஏற்கும், அதன்பின் தெவிட்டிப்போகும். தெவிட்டிய இரும்பு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தாது. கம்பி சூடேறும், இரும்பு உறுமும். மின்காப்பின் வெப்பம் ஏறத்தாழ 10 பாகை கூடும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்பொறியாளரின் பட்டறிவு. 1966இல் வேறொரு நாட்டின் மின்சாரத்துக்கென அளந்து செய்யப்பட்ட இரும்பு, நம்மூரில் ஏழாண்டுகள் தாக்குப்பிடித்ததே பெரிது.

வீட்டில் எழுந்த வினா

மாற்றுத் தேடும் முன்பே ஒரு வினா எழுந்தது. இளைஞரின் தாயார் என்னிடம், "இதை இப்படியே வாங்கிக்கொள்ள ஒருவர் நல்ல விலை பேசுகிறார் சார். விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமா? இந்தப் பெட்டியைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார்.

அவ்வச்சம் நியாயமானது. இப்பெட்டியினுள் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் உள்ளது. விசையை அணைத்த பின்னரும் மின்தேக்கிகள் அதனைத் தாங்கிக்கொண்டிருக்கக்கூடும். அன்றியும், அக்கால அமெரிக்கப் பெட்டிகளுக்கு இரண்டு முனைச் செருகியே உண்டு. நில இணைப்பு இல்லை. இரைச்சலைக் குறைப்பதற்காக மின்கம்பி ஒன்றிலிருந்து உலோகச் சட்டத்துக்கு ஒரு சிறு மின்தேக்கியை இணைத்திருந்தனர். அது பழுதுபட்டால் வீட்டு மின்சாரம் நேரே சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து கிட்டாரின் கம்பிக்கும் வந்துவிடும். கம்பியில் விரலும் மைக்கில் உதடுமாக நிற்கும் பாடகரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அமெரிக்கப் பழுதுநீக்குவோர் அம்மின்தேக்கிக்குச் 'சாவு மின்தேக்கி' என்றே பெயரிட்டுள்ளனர்.

மகனோ வேறொன்றை அஞ்சினார். "புது மின்மாற்றி போட்டால் சத்தம் மாறிவிடுமா சார்? அத்தா வாசித்தபோது கேட்ட அதே சத்தம் வருமா?" என்றார். தாய்க்கு உயிர் பற்றிய கவலை. மகனுக்கு ஓசை பற்றிய கவலை. இரண்டுக்கும் விடை தராத மாற்று மாற்றாகாது என்று எனக்குத் தோன்றியது. தாயாரிடம், "முதலில் அபாயத்தை நீக்குவோம். அதன்பின் விற்பதா வைத்துக்கொள்வதா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்" என்றேன். அவரும் இசைந்தார்.

என்னென்ன வேண்டும்?

பெண் பார்க்கப் போகுமுன் வீட்டின் நிலையை அறிய வேண்டும் என்பர். மின்மாற்றி தேடுமுன் பெட்டியின் தேவையை அறிய வேண்டும். இம்மின்மாற்றி ஒரே உடலில் நான்கு பணிகளைச் செய்கிறது.

முதலாவது, வால்வுகளின் வெப்ப இழைகளுக்கு 6.3 வோல்ட்டு தருவது. 6வி6 ஒவ்வொன்றும் 0.45 ஆம்பியர் கொள்ளும், இரண்டுக்கும் 0.9. சிறு வால்வுகள் ஆறும் ஒவ்வொன்றும் 0.3 வீதம் 1.8. சுட்டு விளக்குக்குச் சிறிது. மொத்தம் 3 ஆம்பியரை நெருங்கும். சற்றே தாராளமாக மூன்றரை ஆம்பியர் என வைத்துக்கொள்ளலாம். மிகத் தாராளமாகப் பத்து ஆம்பியர் என்று வைப்பது அறிவன்று. சுமை குறைந்த சுருள் தன் வோல்ட்டை உயர்த்திக்கொள்ளும். 6.3இலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் வால்வின் ஆயுள் குறையும்.

இரண்டாவது, நேராக்கும் வால்வாகிய ஜிஇசட்34இன் இழைக்குத் தனியாக 5 வோல்ட்டு, 1.9 ஆம்பியர். இச்சுருள் உயர் மின்னழுத்தத்தின்மேல் மிதப்பது. ஆகவே அதன் மின்காப்பு உறுதியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, உயர் மின்னழுத்தம். நடுமுனையின் இருபுறமும் 330 வோல்ட்டு என்று நிறுவனத்தின் மின்சுற்று வரைபடம் கூறுகிறது. நேராக்கிய பின் அது ஏறத்தாழ 415 வோல்ட்டு ஆகிறது. 6வி6 வால்வுக்கு அதனைச் செய்தோர் விதித்த எல்லையோ 350 வோல்ட்டு அளவினது. ஃபெண்டர் நிறுவனத்தார் அவ்வெல்லையைத் தெரிந்தே தாண்டினர். எனவே, 'கூடுதலாக இருந்தால் நல்லதுதானே' என்று 360 வோல்ட்டுச் சுருளை இங்கே பொருத்தினால் வால்வுகள் நெடுநாள் வாழா.

நான்காவது, பலரும் மறப்பது. ஆற்றல் வால்வுகள் கட்டுக்கடங்கி நடக்க அவற்றின் வலைக்கு எதிர்மின்னழுத்தம் தர வேண்டும். அதற்கென உயர் மின்னழுத்தச் சுருளிலிருந்து ஏறத்தாழ 50 வோல்ட்டில் ஒரு கிளைக்கம்பி வெளியே வருகிறது. மற்றெல்லாம் பொருந்தி இக்கிளை மட்டும் இல்லாத மின்மாற்றிகள் சந்தையில் உண்டு. கடிவாளம் இல்லாத குதிரை எவ்வாறு ஓடுமோ அவ்வாறே வால்வும் மின்னோட்டத்தை வாரிக் குடித்துத் தகடு சிவந்து மாயும்.

கம்பிகளின் வண்ணமே இவற்றை அடையாளம் காட்டும். கறுப்பு முதன்மைச் சுருள்; பச்சை 6.3 வோல்ட்டு, மஞ்சள் 5 வோல்ட்டு, சிவப்பு உயர் மின்னழுத்தம், சிவப்பில் மஞ்சள் கோடிட்டது அதன் நடுமுனை. சிவப்புக் கம்பியைக் கண்டால் கைகட்டி நிற்க வேண்டும் என்பது என் ஆசான் எனக்குச் சொன்ன முதற்பாடம்.

நான்கு வழிகள்

தேவையை எழுதிக்கொண்ட பின் எங்கள் முன் நான்கு வழிகள் நின்றன.

அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட்டு மின்மாற்றியை வரவழைத்து, பழைய குறைப்புப் பெட்டியையே தொடர்ந்து பயன்படுத்துவது முதல் வழி. புதியது 50 சுழற்சிக்கும் ஏற்றதென்று அதன்மேல் எழுதியிருந்தாலன்றிப் பழைய கதையே திரும்பும். மேலும், குறைப்புப் பெட்டியை மறந்து யாரேனும் ஒருவர் நேரே சுவரில் செருகிவிட்டால் அந்நொடியே எல்லாம் முடிந்தது.

கனடாவின் ஹேமண்ட் போன்ற நிறுவனங்கள் பல நாட்டு மின்சாரத்துக்கும் ஏற்ற முதன்மைச் சுருளுடன் செய்யும் மின்மாற்றியை வாங்குவது இரண்டாம் வழி. இது செம்மையான வழி. இயன்றவர் இதனையே கொள்ளலாம். ஆயினும் இரும்பு கனமானது, கனத்துக்கு ஏற்ப அஞ்சற் செலவு, அதன்மேல் சுங்கம். எங்கள் கணக்கில் கொண்டுவரும் செலவு பொருளின் விலையையே எட்டிவிட்டது.

பழைய மைக்செட்டு ஒன்றிலிருந்து கழற்றியதைப் பொருத்துவது மூன்றாம் வழி. நகரத்துக் கடை ஒன்றில் அவ்வாறே அறிவுரை கூறினராம். "வால்வு செட்டுதானே, எதுவும் சேரும்" என்றனராம். வோல்ட்டு வேறு, கிளைக்கம்பி இல்லை, திருகுத் துளை பொருந்தாது. இறந்தவரின் செருப்பை இருப்பவர் காலுக்கு மாட்டுவது போன்றது அது.

நம் நாட்டிலேயே புதிதாகச் சுற்றுவிப்பது நான்காம் வழி. சென்னை ரிச்சித் தெருவிலும் பிற நகரங்களிலும் காயில் கட்டும் தொழிலாளர் இன்றும் உள்ளனர். ஸ்டெபிலைசருக்கும் யு.பி.எஸ்.ஸுக்கும் சுற்றுவோரிடம் வால்வுக்குச் சுற்றும் பட்டறிவு இருக்குமா என்பதே ஐயம். என் பழைய நண்பர் ஒருவர் வழியாக முதியவர் ஒருவரை அடைந்தோம். எங்கள் தாளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இரண்டு பக்கமும் 330ஆ? இப்படி ஒன்று கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது சார்" என்றார். நாங்கள் நான்காம் வழியைத் தேர்ந்தோம்.

அகலம் மாறாமல் அடுக்கு உயர்ந்தது

பழைய இரும்பையே பிரித்து அதன்மேல் புதுக்கம்பி சுற்றலாமே என்பது இளைஞரின் முதல் எண்ணம். தந்தையின் பெட்டியில் தந்தை காலத்து இரும்பே இருக்கட்டும் என்பது அவர் விருப்பம். அது ஏன் ஒவ்வாது என்பதைத் தாளில் கணக்கிட்டுக் காட்டினேன்.

மின்மாற்றியின் தகடுகள் 'ஈ' வடிவிலும் 'ஐ' வடிவிலும் வெட்டப்பட்டு அடுக்கப்பட்டவை. வழக்கமான தகட்டில் நீண்ட பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கு நடுக்காலின் அகலம். எங்களுடையதன் நீண்ட பக்கம் 9.6 செ.மீ.; எனவே நடுக்கால் 3.2 செ.மீ. தகடுகளின் அடுக்கு உயரமும் 3.2 செ.மீ. ஆக இரும்பின் குறுக்குப் பரப்பு 10.24 சதுர செ.மீ. வோல்ட்டுக்கு மூன்று சுற்று எனக் கொண்டால், 60 சுழற்சியில் காந்தச் செறிவு 1.22 டெஸ்லா, நல்ல அளவு. அதே சுற்றுகளுடன் 50 சுழற்சியில் அது 1.47 டெஸ்லா ஆகிவிடுகிறது. பழைய இரும்புக்கு அது கழுத்தளவு வெள்ளம். அதனைத் தணிக்கச் சுற்றுகளை ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். ஆனால் தகட்டின் சாளரத்தில் இடம் ஏற்கெனவே நிறைந்துள்ளது. கூடுதல் சுற்று இடம்பெற வேண்டுமானால் கம்பி மெலிய வேண்டும். கம்பி மெலிந்தால் மின்தடை கூடும், மீண்டும் வெப்பம்.

இதற்கு முதியவரே ஒரு வழி கூறினார். "தகடு அதே அளவு இருக்கட்டும் சார். அடுக்கை மட்டும் உயர்த்திவிடுவோம்." எத்துணை எளிமை! அடுக்கை 3.2 செ.மீ.இலிருந்து 3.84 செ.மீ.ஆக உயர்த்தினால் குறுக்குப் பரப்பு சரியாக 20 விழுக்காடு கூடுகிறது. அலைவெண் குறைந்ததால் ஏற்பட்ட இழப்பை அது அப்படியே ஈடுசெய்கிறது. வோல்ட்டுக்கு அதே மூன்று சுற்று, அதே 1.22 டெஸ்லா. நீள அகலம் மாறாமையால் சட்டத்தின் வெட்டுத்துளையும் நான்கு திருகுத் துளைகளும் அப்படியே பொருந்தும். திருகாணி மட்டும் சற்று நீளமானதாக வேண்டும். வகுப்பறையில் பல்லாண்டுகள் நான் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு, சூத்திரம் படித்தறியாத ஒரு தொழிலாளரின் கைப்பழக்கமாக வாழ்ந்துகொண்டிருந்ததைக் கண்டு வியந்தேன். அவருக்குத் தெரிந்தது இரும்பின் இயல்பு. எனக்குத் தெரிந்தது அதன் எழுத்து.

சுற்றுகளின் எண்ணிக்கை தானாக அமைந்தது. 230 வோல்ட்டுக்கு 690 சுற்று. எங்கள் வீதியில் ஒரு நாள் முழுவதும் அளந்ததில் மின்னழுத்தம் 218க்கும் 246க்கும் இடையே ஏறி இறங்கியது. ஆதலால் 245 வோல்ட்டுக்கும் ஒரு முனை வைக்கச் சொன்னோம். உயர் மின்னழுத்தத்துக்கு ஒவ்வொரு புறமும் 990 சுற்றும், சுமையில் இழப்பதை ஈடுசெய்யச் சிறிது கூடுதலும். நடுமுனையிலிருந்து 150ஆம் சுற்றில் கடிவாளக் கிளை. அடுக்கடுக்கிடையே காப்புத்தாள், முதன்மைச் சுருளுக்கும் துணைச் சுருளுக்கும் இடையே முனைகள் ஒட்டாத செம்புத்தகட்டு மறைப்பு, சுற்றி முடித்தபின் வார்னிஷில் ஊறவைத்துச் சூட்டில் உலர்த்தல்.

மகனின் கவலைக்கும் இங்கே விடை காண வேண்டியிருந்தது. பலத்த ஓசை எழும்போது வால்வுகள் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது மின்மாற்றியின் கம்பித் தடையாலும் நேராக்கும் வால்வின் தடையாலும் மின்னழுத்தம் ஒரு கணம் தளர்ந்து, பின் மெல்ல எழும். அத்தளர்ச்சியை வாசிப்பவர் தம் விரலில் உணர்கிறார். தந்தியை அழுத்தியதும் ஒலி சற்று அமிழ்ந்து மலர்வது போல் இருக்கும். மிகப் பெரிய மின்மாற்றியை வைத்துவிட்டால் இத்தளர்ச்சி மறைந்து ஓசை விறைத்துப் போகும். ஆகவே 'பெரிதே சிறந்தது' என்பது இங்கு மெய்யன்று. பழைய மின்மாற்றியின் உயர் மின்னழுத்தச் சுருள் கெடாமல் இருந்தது. குறுக்குச் சுற்று முதன்மைச் சுருளில்தான். எனவே அதன் இரு பாதிகளின் மின்தடையையும் அளந்து, அவ்வளவுக்கு அண்மையில் வரும் கம்பியையே தேர்ந்தோம். வெளிப்புறத்தில் அமையும் பாதியில் கம்பி சற்று நீளமாதலின் அதன் தடை சிறிதே மிகுந்திருக்கும்; அதுவும் பழையது போலவே அமைந்தது.

சோதனை

மூன்று வாரங்களில் மின்மாற்றி வந்தது. அதற்குள் பெட்டியைத் தூய்மை செய்துவிட்டோம். உலர்ந்த மின்தேக்கிகளை மாற்றினோம். ஜிஇசட்34 வால்வை அடுத்துவரும் முதல் மின்தேக்கி 60 மைக்ரோஃபாரடைத் தாண்டலாகாது என்னும் விதியை மீறாமல் பார்த்துக்கொண்டோம். சாவு மின்தேக்கியை வெட்டி எறிந்தோம். மூன்று முனைச் செருகி பொருத்தி, பச்சைக் கம்பியைச் சட்டத்தில் தனித் திருகாணியால் இறுக்கினோம். மின்னழுத்தம் இரட்டிப்பானால் மின்னோட்டம் பாதியாகும். ஆகவே உருகியின் அளவையும் பாதியாக்கினோம்.

முதலில் மெக்கர் கொண்டு மின்காப்பை அளந்தோம். பின்னர் வால்வு ஏதுமின்றிச் சீரீஸ் லாம்பு வழியே மின்சாரம் கொடுத்தோம். விளக்கு ஒரு கணம் மினுங்கி அணைந்தது. அடுத்து நேராக்கும் வால்வு நீங்கலாக மற்றவற்றைச் செருகினோம், இழைகளில் 6.4 வோல்ட்டு. கடிவாள மின்னழுத்தம் வந்துவிட்டதா என்று அளந்து உறுதி செய்த பின்னரே ஜிஇசட்34ஐச் செருகினோம். நேர்மின்னழுத்தம் 412 வோல்ட்டில் நின்றது. ஆற்றல் வால்வு ஒவ்வொன்றிலும் 22 மில்லிஆம்பியர் ஓடியது. அதாவது ஏறத்தாழ 9 வாட்டு. 12 வாட்டு என்னும் எல்லைக்குள் அடக்கம். இரண்டு மணி நேரம் கழித்து மின்மாற்றியின்மேல் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் இளைஞர் கிட்டாரை எடுத்து, தம் தந்தை அடிக்கடி வாசித்த ஒரு மெட்டை வாசித்தார். இசையின் நுட்பம் அறியாதவன் நான். என் தீர்ப்புக்கு மதிப்பில்லை. சமையற்கட்டின் வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் தாயார், சிறிது நேரம் கழித்து, "அந்த ஆளிடம் விற்கவில்லை என்று சொல்லிவிடு" என்றார். மகன் கேட்ட வினாவுக்கு அதைவிட நல்ல விடையை என் அளவுகருவி தந்திருக்க முடியாது.

எரிந்த பழைய மின்மாற்றியைப் பிரிக்காமல், ஷூமாக்கர் எண்ணோடு துணியில் சுற்றிப் பெட்டகத்தில் வைத்தார்கள். பெட்டியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டினோம். புதிய மின்மாற்றியின் சுருள்கள், வண்ணங்கள், அளவுகள், பொருத்திய நாள், சுற்றிய முதியவரின் பெயர் ஆகியவற்றை அதில் எழுதினோம். இன்னும் முப்பது ஆண்டு கழித்து அதனைத் திறப்பவர் எவராயினும் அவர் இருட்டில் தடவ வேண்டியதில்லை. முதியவரிடம் பெயர் எழுதியதைச் சொன்னபோது, "நாற்பது வருடமாகக் காயில் கட்டுகிறேன். என் பெயரை யாரும் எழுதி ஒட்டியதில்லை சார்" என்று கூறி, கூலியில் நூறு ரூபாயைத் திருப்பித் தந்தார். நாங்கள் வாங்கவில்லை.

மாணவர்களுக்கு

மாணவச் செல்வங்களே! நீங்கள் மின்மாற்றியே தேட மாட்டீர்கள். ஆயினும் வாழ்நாளில் எத்தனையோ மாற்றுகளைத் தேட நேரும். பழையது ஏன் அழிந்தது என்று முதலில் கேளுங்கள். அது செய்த பணிகளை, கண்ணுக்குப் புலப்படாத சிறு பணி உட்பட, ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். வேற்றிடத்துக்கு அளந்து செய்ததை இவ்விடத்துக்கு அப்படியே கொள்ளாமல், இங்குள்ள அழுத்தத்தையும் சுழற்சியையும் அளந்து பாருங்கள். எதனை மாற்றியே ஆக வேண்டும், எதனை மாற்றவே கூடாது என்று பிரித்தறியுங்கள். எங்கள் பெட்டியில் இரண்டு முனைச் செருகி முன்னதில் சேர்ந்தது. சுருளின் மின்தடை பின்னதில் சேர்ந்தது.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஊர்களில் இத்தகைய கைத்திறன் உடையோர் அங்கொருவர் இங்கொருவராகவே எஞ்சியுள்ளனர். கல்லூரிகள் அவர்களை அழைத்து ஒரு பிற்பகலேனும் மாணவர் முன் அமர்த்தலாம். இயற்பியல் துறையினர் அவர் சொல்வதன் கணக்கை எழுதட்டும். தமிழ்த்துறையினர் அவர் வழங்கும் சொற்களைத் தொகுக்கட்டும். அவர் கைவிட்டுப் போனபின் அவ்விடத்துக்கு மாற்றுத் தேடுவது, மின்மாற்றி தேடுவதினும் பன்மடங்கு கடினமாக இருக்கும்.